கரிசல் சீமையின் சங்கீதம்

குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிப் பருத்தியை நம்பிய சம்சாரிக்குச் சபாக்களில் சீட்டு வாங்கிக் கச்சேரி கேட்கும் வசதி அரிதாயினும், முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ல் தேகவியோகமடைந்த, சுப்பராம தீக்ஷிதரின் ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ 1904-ல் அச்சேறிய எட்டயபுரம் அருகிலேயே இருந்தமையால், சங்கீதம் இப்பிரதேசத்திற்கு அந்நியமாக இருந்ததில்லை. எனினும், அவ்வூர் ஜமீன் அரண்மனையின் வித்வத் சபையைக் காட்டிலும் கோயில் திருவிழாவே ஏழை ரஸிகனின் வித்யாசாலை என்பேன். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யராய்க் கோவில்பட்டியில் குடியேறிய காருகுறிச்சி அருணாசலம் போன்றோர் ஸ்வாமி புறப்பாட்டில் வாசிக்கையில், சங்கீதம் அறியாத சிநேகிதனை அழைத்துப்போய், புழுதியில் துண்டை விரித்து அமரச்செய்து, ராகத்தின் பெயரைச் சொல்லாமலே தோடியை அவன் செவிக்குப் பழக்கிவிட முடிந்தது, காலணா செலவில்லாமல். இடைசெவல் தோழர்களான எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ரஸிகர்களாய் வளர்ந்த சீமை இதுவே. ராக ஆலாபனையிலேயே நெடுநேரம் திளைத்த விளாத்திகுளம் சுவாமிகளையும் இம்மண்ணே ஈன்றது.