பாரி கி தோர்

பாரி கி தோர் (உறங்கும் பாரிஸ்) ரெனே கிளேர் எழுதி இயக்கிய பிரெஞ்சு ஊமைப்படம். அறிவியல் புனைவும் நகைச்சுவையும் கலந்தது. 1923-இல் படமாக்கப்பட்டு 1925-இல் திரைக்கு வந்தது. கிளேர் இயக்கிய முதல் படம் இதுவே. அமெரிக்காவில் ‘தி கிரேஸி ரே’ என்ற பெயரில் அறியப்படுகிறது.

பின்னணி

ரெனே ஷோமெத் என்ற இயற்பெயர் கொண்ட கிளேர் (1898–1981) பத்திரிகையாளராகவும் நடிகராகவும் இருந்து இயக்கத்துக்கு வந்தவர். பிரெஞ்சு சினிமாவில் அறிவியல் கற்பனைக்கு வழி திறந்தவர் ஜார்ஜ் மெலியே. 1902-இல் அவர் தம் ஸ்டூடியோவுக்குள் திரைச்சீலை வரைந்து சந்திரனைப் படைத்தார். கிளேரோ நிஜமான பாரிஸ் தெருக்களையே கற்பனை உலகாக்கினார்.

கதை

ஈஃபல் கோபுரத்தில் இரவுக் காவல் பார்க்கும் ஆல்பர் (ஆன்ரி ரோலான்) காலையில் கண்விழித்தால், கீழே நகரம் அசைவற்றுக் கிடக்கிறது. கடிகாரங்கள் 3.25-இல் நின்றுவிட்டன. செய்ன் நதிக்கரையில் ஒருவன் தண்ணீரில் குதிக்கப்போன நிலையிலேயே உறைந்திருக்கிறான். திருடனும் அவனைத் துரத்திய போலீஸ்காரரும் பாதி ஓட்டத்தில் சிலையாகி நிற்கிறார்கள். மார்செய்யிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய சிலர் மட்டுமே நடமாடுகிறார்கள். ஒரு விஞ்ஞானி பாய்ச்சிய கதிரே ஊரை உறைய வைத்தது. அந்நேரம் உயரத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

ஊரே தங்களுடையதானதும் பணமும் நகையும் மதுவும் அவர்கள் கைக்கு எட்டுகின்றன. ஆனால் வாங்க விற்க ஆளில்லாத ஊரில் பணம் வெறும் காகிதம். சலிப்பு முற்றி, கூட்டத்தில் இருக்கும் ஒரே பெண்ணுக்காக ஆண்கள் அடித்துக்கொள்கிறார்கள். வானொலியில் உதவி கேட்டு வரும் ஒரு பெண்ணின் குரல் அவர்களை விஞ்ஞானியின் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது.

திரைமொழி

விஞ்ஞானி விசையை நகர்த்தினால் தெரு நிற்கிறது, ஓடுகிறது, தலைதெறிக்க விரைகிறது. படச்சுருளை நிறுத்தவும் வேகமாக்கவும் முடிந்த கேமராவின் ஆற்றல்தான் இங்கே கதையாகியிருக்கிறது. விலையுயர்ந்த அரங்கோ விசித்திர உடையோ இதற்குத் தேவைப்படவில்லை.

தாக்கம்

1926-இல் இதைப் பார்த்த சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தோவ், தாம் முன்பே தீட்டியிருந்த ஒரு திட்டத்தோடு படம் ஒத்துப்போவதை நாட்குறிப்பில் வருத்தத்தோடு பதிந்தார். 1928-இல் கிளேர் ஈஃபல் கோபுரத்தைப் பற்றியே ‘லா தூர்’ என்ற குறும்படம் எடுத்தார். 1960-இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காலத்தை நிறுத்திப் பார்க்கும் கற்பனை பிற்காலத் திரைப்படங்களில் பலமுறை வந்துவிட்டது. அதைச் சினிமாவின் சொந்தக் கருவியாலேயே சொன்ன முன்னோடி என்ற இடம் இப்படத்துக்கே உரியது.