ரயில் வராத ஸ்டேஷன்

மூணாறில் காலை டீ குடித்துவிட்டு ஜீப் ஏறும் நண்பர் கூட்டம் மாட்டுப்பட்டி அணையையும் குண்டளையையும் கடந்து, 32 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி டாப் ஸ்டேஷனில் இறங்கும். இறங்கியதும் கூட்டத்தில் ஒருவராவது கேட்பார்: "ஆமா, ஸ்டேஷன் எங்கே?"

தண்டவாளம் இல்லை, பிளாட்பாரம் இல்லை. மலை விளிம்பு, அதற்குக் கீழே மேகம், மேகம் விலகினால் தேனி மாவட்டம். கேரளச் சாலையில் வந்தாலும், பார்வை முனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில்தான்.

இந்த ஊருக்குப் பெயர் வைத்தது தேயிலை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காபி, சின்கோனா என்று பலவற்றை நட்டுப் பார்த்தபின் தேயிலை வேரூன்றியது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். மலைச்சரிவெங்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் எழுந்தன. கொழுந்து பறிக்க ஆள் வந்தாயிற்று, தூளாக்க ஃபாக்டரி வந்தாயிற்று. பெட்டிகளை எப்படிக் கடலுக்குக் கொண்டுபோவது?

கம்பெனி கிழக்கே திரும்பியது. 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. சிறிய சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். பக்கத்திலிருந்த பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் சிறிய ரயில்பாதை அமைத்து, நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். குண்டளை வேலி ரயில்வே என்று அதற்குப் பெயர்.

டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்தது, தேயிலையின் பயணம் முடியவில்லை. பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன். குரங்கணிப் பக்கத்தில் இன்றும் அந்த நடு இடத்துக்கு 'சென்ட்ரல்' என்றே பெயர். கொட்டகுடியிலிருந்து போடிநாயக்கனூருக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. பிறகு தூத்துக்குடித் துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. இன்று ஒரு மூலையாகத் தெரிகிற டாப் ஸ்டேஷன்தான் அன்று அந்த மலைக்குத் தலைவாசல்.

வாசலை அடைத்தது மழை. 1924 ஜூலையில் கொட்டியது கொல்லம் ஆண்டு 1099-இன் பெருமழை. மலையாளிகள் அதை இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். மலைகள் சரிந்தன, பாலங்கள் போயின, தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டது. ரயில்பாதையை யாரும் மறுபடி போடவில்லை. ஆலுவாவிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அதே மழையில் அழிந்ததால், நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை வெட்டினார்கள். அங்கே பெரியாற்றின் மேல் கட்டிய பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. கிழக்கு பார்த்திருந்த மூணாறு மெல்ல மேற்கே திரும்பியது. மூணாறில் மிஞ்சிய ஸ்டேஷன் கட்டடத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் நடக்கிறது. ரயில் ஓடிய பள்ளத்தாக்கில் பிறகு அணைகள் வந்தன: 1946-இல் குண்டளை, 1953-இல் மாட்டுப்பட்டி. நண்பர்கள் படகுச் சவாரிக்காக ஜீப்பை நிறுத்துவது அங்கேதான்.

தேயிலைப் பெட்டிகள் இறங்கிய சரிவு பின்னர் மலையேறுபவர்களின் தடமானது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி அவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மேகம் இல்லாத மதியத்தில் டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்றால் கொட்டகுடிப் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். காரில் அங்கே போக நினைப்பவர் வந்த வழியே மூணாறு திரும்பி, பூப்பாறை தாண்டி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போய், அங்கிருந்து மறுபடி மலையடிவாரத்துக்கு வரவேண்டும். எல்லாம் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மேல். தேயிலைப் பெட்டிக்கு 5 கிலோமீட்டர் போதுமாக இருந்தது.