வங்கத்துக் குடியானவர் கட்சி: எழுச்சியும் வீழ்ச்சியும்

1940 மார்ச்சில் லாகூரில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்ற அளவிலேயே மௌலவி ஏ. கே. ஃபஸ்லுல் ஹக்கை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அதற்கு முன்னரே அவர் வங்கத்து உழவர்களின் பெருந்தலைவராக விளங்கியவர். அவரது கிருஷக் பிரஜா கட்சி பத்தாண்டுகளுக்குள் எழுந்து வீழ்ந்த வரலாறு நாம் ஊன்றிக் கற்கத்தக்கது.

1793இல் கார்ன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த நிலையான நிலவரித் திட்டம், ஜமீந்தார் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு வரம்பு கட்டியது. குடியானவர் ஜமீந்தாருக்குச் செலுத்த வேண்டியதற்கு அத்தகைய வரம்பைக் கட்டவில்லை. கிழக்கு வங்கத்தில் உழுவோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; ஜமீந்தார்களிலும் லேவாதேவிக்காரர்களிலும் பெரும்பாலோர் உயர்சாதி இந்துக்கள். எனினும் இதனை இரு சமயத்தாரின் பூசலாக மட்டும் காண்பது பிழை. டாக்கா நவாப் குடும்பத்தாரும் பெருநிலக்கிழார்களே.

1928ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டத் திருத்தம், குடியானவர் தம் நிலவுரிமையை விற்றால் விலையில் ஒரு பங்கை ‘சலாமி’ என்ற பெயரில் ஜமீந்தாருக்குச் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்விவாதத்தில் காங்கிரஸ் தரப்பினர் ஜமீந்தார்களின் பக்கம் நின்றனர். அந்த ஏமாற்றத்தின் விளைவாக 1929இல் அனைத்து வங்கப் பிரஜா சமிதி தோன்றியது. உலகப் பொருளாதார மந்தத்தால் சணல் விலை சரிந்து, கடன் கழுத்தை நெரித்த காலம் அது. 1936இல் சமிதி கிருஷக் பிரஜா கட்சியாக உருப்பெற்றது. இழப்பீடின்றி ஜமீன் ஒழிப்பு, கடன் நிவாரணம், ஏழைக்குப் பருப்பும் சோறும் என்பன அதன் வாக்குறுதிகள். 1937 தேர்தலில் பட்டுவாகாலித் தொகுதியில் டாக்கா நவாப் குடும்பத்து க்வாஜா நாஜிமுத்தீனை ஹக் தோற்கடித்தார். முஸ்லிமை எதிர்த்து முஸ்லிம் நின்ற களத்தில் உழவர் வாக்கு வென்றது.

ஆயினும் 250 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. காங்கிரஸுடன் நடந்த பேச்சு முறிந்தது. ஹக் லீகுடன் கூட்டுச் சேர்ந்து முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் நிலவுடைமையாளர்களே மிகுந்திருந்தனர். தாம் ஒழிப்பதாகச் சூளுரைத்த வர்க்கத்தின் துணையின்றி அவரால் ஒரு நாளும் ஆட்சி நடத்த இயலாத நிலை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் லீகில் இணைந்தார். மனம் கசந்த தோழர்கள் பலர் எதிர்வரிசைக்குச் சென்றனர்.

எனினும் அவ்வாட்சியின் பணியைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. முன்னரே சட்டமாகியிருந்த கடன் தீர்வு வாரியங்கள் பரவலாக நிறுவப்பட்டன. 1938ஆம் ஆண்டுத் திருத்தம் சலாமியை ஒழித்தது. ஜமீந்தார்கள் தண்டிவந்த சட்டவிரோத வசூல்களுக்குத் தண்டனை விதித்தது. 1940இன் லேவாதேவிச் சட்டம் வட்டிக்கு வரம்பு கட்டியது. ஃபிளவுட் ஆணையம் 1940இல், இழப்பீடு அளித்து ஜமீன் முறையை ஒழிக்குமாறு பரிந்துரைத்தது. அது உடனடியாகச் செயலுக்கு வரவில்லை.

இங்கே ‘பிரஜா’ என்ற சொல்லை நாம் ஆராய வேண்டும். நம் ‘குடி’ என்ற சொல்லைப் போலவே, அதற்குள் பல படிநிலைகள் மறைந்திருந்தன. நிலவுரிமை பெற்ற வளமான ஜோத்தேதாரும் பிரஜா. கையளவு நிலத்தில் உழைத்தவரும் பிரஜா. வாரத்துக்கு உழுத பர்கதாரோ, கூலியாளோ சட்டத்தின் கண்ணில் உரிமையுள்ள குடியாகவே இல்லை. 1938இன் சட்டம் நிலத்தை விற்கும் தடையை நீக்கியபோது, வாங்கும் வலிமையுள்ளோருக்கும் வழி திறந்தது. கடன் வாரியங்களுக்கு அஞ்சிய லேவாதேவிக்காரர் கடன் கொடுப்பதைச் சுருக்கினர். 1943இன் கொடும்பஞ்சத்தில் பசித்த சிறு விவசாயிக்குக் கடன் கிட்டவில்லை. நிலத்தை விற்பதே வழியாயிற்று. உழவரை விடுவிக்க வந்த சட்டம், அவருடைய நிலம் கைமாறவும் துணைபோயிற்று.

அரசியலிலும் சரிவு தொடர்ந்தது. 1941 டிசம்பரில் லீகைப் பிரிந்த ஹக், இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜியையும் சேர்த்துப் புதிய அமைச்சரவை அமைத்தார். 1943 மார்ச்சில் ஆளுநரின் நெருக்குதலால் பதவி விலகினார். அதற்குள் உழவரின் குறைகளை லீக் தனதாக்கிக்கொண்டது. ஜமீன் ஒழிப்புக்கான நம்பிக்கை பாகிஸ்தான் என்ற சொல்லில் குடியேறியது. 1946 தேர்தலில் ஹக் வென்றார்; அவர் கட்சியோ விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களோடு ஒடுங்கியது. அவ்வாண்டின் இறுதியில் பர்கதார்கள் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கேட்டுத் தேபாகா போராட்டத்தில் இறங்கினர். அவர்கள் எதிர்த்து நின்றது பெரும்பாலும் ஜோத்தேதார்களை.

1950இல் கிழக்கு வங்கம் ஜமீன் முறையை இழப்பீட்டுடன் ஒழித்தது. 1954இல் முதிய ஹக் ஐக்கிய முன்னணியின் தலைவர்களுள் ஒருவராக நின்று லீகை வீழ்த்தினார். அவ்வமைச்சரவையும் இரு மாதங்களுக்குள் கலைக்கப்பட்டது. 1962இல் அவர் மறைந்தார்.

ஹக்கின் நிலையற்ற கூட்டுகளே அனைத்துக்கும் காரணம் என்போர் உளர். அதில் உண்மை உண்டு, முழு உண்மையில்லை. ஜமீந்தாரை எதிர்க்கும்வரை ஒன்றாக நின்ற குடிகள், நிலம் யாருக்கு என்ற வினா எழுந்ததும் பிரிந்தனர். அவ்வினாவுக்குக் கட்சி விடை காணவில்லை. எளியோரின் பெயரால் எழும் எந்த இயக்கத்திலும், அந்தப் பெயருக்குள் அடங்காமல் நிற்பவர் யார் என்று முதலில் கேட்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம் எனக் கருதுகிறோம்.