பில்லுக்கு ஏலம் வந்த கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு ஆர்டர் கூடினால், மிஷினுக்கு முன்னால் கூடுவது வரவேண்டிய பாக்கிதான். மாதம் 20 லட்சத்துக்குச் சரக்கு அனுப்பி 90 நாள் கழித்துப் பணம் வாங்கும் பட்டறைக்கு எப்போதும் 60 லட்சம் வெளியே நிற்கும். ஆர்டர் இரட்டிப்பானால் 1.20 கோடி நிற்கும். அதற்குள் சம்பள நாள் வந்துவிடும், கரன்ட் பில் வந்துவிடும், ராட் வாங்க ரொக்கம் வேண்டும். பார்ட்டி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாதாந்தர ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கணக்கில் லாபம் காட்டும் பட்டறை கையில் காசில்லாமல் மூடுவது இப்படித்தான்.

இந்த நோய்க்கு மருந்து தேடிய கதை நீண்டது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த காலத்தில், சுற்றிலும் பெரிய ஆலைகள் இருந்தன, புதிதாகவும் வந்துகொண்டிருந்தன. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் லேலண்ட். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்தே சிறு பட்டறைகள் வளர்ந்தன. ஆர்டரோடு கடனும் வந்தது. ஆனால் கடன் கொடுப்பவர் சின்னவர், வாங்குபவர் பெரியவர். நாடு முழுக்க எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் இதே நிலைதான்.

முதல் மருந்து சட்டம். தாமதமான தொகைக்கு வட்டி தர வேண்டும் என்று 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அதை மாற்றி 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது என்றது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. காகிதத்தில் இதைவிடக் கடுமையான விதி கிடையாது. ஆனால் வருடம் முழுக்க ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி மீது எந்தப் பட்டறைக்காரர் புகார் எழுதுவார்? வட்டியோடு பணம் வரலாம், அடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) வராது. பெரும்பாலும் உறவு முறிந்த பிறகுதான் புகார் எழுதுகிறார்கள்.

இரண்டாவது மருந்து சந்தை. ரிசர்வ் வங்கி அமைத்த கல்யாணசுந்தரம் குழு 1988-இல் ஒரு வழி சொன்னது: பாக்கியை விற்றுவிடலாம். வாங்குபவர் உடனே பணம் கொடுத்துவிட்டு, கெடு நாளில் பெரிய கம்பெனியிடம் வசூலித்துக்கொள்வார். இதற்கென்றே 1991-இல் ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் தனி நிறுவனங்கள் தொடங்கின. ஆனாலும் தொழில் சிறிதாகவே நின்றது. பெரிய கம்பெனி கட்டாவிட்டால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கொடு என்பதுதான் பெரும்பாலும் ஒப்பந்தம். பில் உண்மையானதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் செலவும், சின்னச் சின்ன பில்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்க்கும் வழியை மெக்ஸிகோ காட்டியது. அங்கே நாஃபின் என்ற அரசு வளர்ச்சி வங்கி, பில்லை இணையத்தில் ஏற்றி வங்கிகளைப் போட்டியிட வைத்தது. இந்தியாவில் ரகுராம் ராஜன் கவர்னராக இருந்தபோது, 2014 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இதே போன்ற தளத்துக்கான கருத்துத்தாள் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் விதிகள் வந்தன. சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் தேசியப் பங்குச் சந்தையும் சேர்ந்து உருவாக்கிய ஆர்எக்ஸ்ஐஎல், 2017 ஜனவரியில் முதல் தளமாக இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று மேலும் இரண்டு வந்தன. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிரெட்ஸ்.

5 லட்ச ரூபாய் பில் ஒன்றைப் பார்ப்போம். பட்டறை அதைத் தளத்தில் ஏற்றுகிறது. சரக்கு வந்தது, தொகை சரி என்று வாங்கிய கம்பெனி ஒப்புக்கொள்கிறது. வங்கிகள் வட்டி கேட்டு ஏலம் எடுக்கின்றன. 60 நாளுக்கு, ஆண்டுக்கு 9 சதவீதம் என்று முடிந்தால், பிடித்தம் ஏறத்தாழ 7,400 ரூபாய். மீதி ஓரிரு நாளில் கணக்கில் விழும். சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. வட்டி, பட்டறையின் பலத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. பணம் கட்டப்போகும் பெரிய கம்பெனியின் பெயரைப் பார்த்துப் போடப்படுகிறது. அந்தக் கம்பெனி கட்டத் தவறினால் வங்கி பட்டறையைத் தேடி வரவும் முடியாது. இத்தனை வருடம் சின்னவர் பெரியவருக்குக் கடன் கொடுத்த கதையில், பெரியவரின் நாணயம் சின்னவருக்கு உதவும்படி ஒரு கதவு திறந்தது இங்கேதான்.

இந்தக் கதவில் நுழையக் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். டிராயிங் ரிவிஷன் மாறிய பிறகும் பழைய பி.ஓ. எண்ணில் பில் போட்டிருந்தால், சரக்கு உள்ளே போயும் சரக்கு வரவுச் சீட்டு (ஜி.ஆர்.என்.) விழாது. நாலு பீஸ் ரிஜெக்‌ஷனுக்கு டெபிட் நோட் போடாமல் விட்டால் முழு பில்லும் நிற்கும். மூன்று பார்ட்டி இருக்கும்வரை முதலாளியின் ஞாபகமே போதும். இருபது பார்ட்டி ஆனபின் பி.ஓ. முதல் வரவு வரை ஒவ்வொரு பில்லையும் பின்தொடர ஒரு ஆள், ஒரு மேஜை, ஒரு பதிவு வேண்டும். அடுத்த சி.என்.சி. மிஷினுக்கு முன்னால் அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள் என்றுதான் வளரும் பட்டறைக்காரர்களிடம் சொல்வேன்.

மறுபாதிப் பொறுப்பு பெரிய கம்பெனிகளுடையது. 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவை டிரெட்ஸில் சேர வேண்டும் என்று 2018-இல் அரசு சொன்னது. 2024-இல் அந்த வரம்பு 250 கோடியானது. குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தளத்தில் பெயரைப் பதிவது வேறு, வந்த பில்லை ஒப்புக்கொள்வது வேறு. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. தளத்தில் ஏறும் பில்லுக்கும் அதே ஒழுங்கைப் பெரிய கம்பெனிகள் தாமாகவே கடைப்பிடிக்க வேண்டும்: சரி என்றால் ஒப்புதல், இல்லை என்றால் காரணம், இரண்டும் கெடுவுக்குள். உழைப்பை வாங்கியவர் அதற்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.