எழுவான்கரையிற் கேட்ட இசைத்தட்டு: ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் கேட்டோர் தீர்ப்பும்

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடியவரைப் பற்றி எழுதுவர். பண்ணமைத்தவரைப் பற்றி எழுதுவர். புரந்தவரைப் பற்றியும் ஓரளவு எழுதுவர். கேட்டவரைப் பற்றி எழுதுவோர் அரியர். கேட்டவர் எண்ணிக்கையிற் பலர், பெயரற்றவர். அவர்தம் அபிப்பிராயம் தேநீர்க்கடை வாங்கிலும் கோயில் வீதியிலும் கூறப்பட்டு அங்கேயே மறைந்துபோவது. எனினும் ஒலித்தட்டும் வானொலியும் வந்த பின்னர் இசையின் போக்கை நிருணயித்தவர் இப்பெயரற்றவரே. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்தில் எழுந்த தமிழ்ப் பொப்பிசையை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் கருத்து. களமாகக் கொள்ளப்படுவது மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை. அதிலும் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கில், காத்தான்குடிக்குத் தெற்கே, கல்முனை வீதியில் அமைந்துள்ள ஆரையம்பதி.

ஒலித்தட்டு வந்து சேரும் முன்னரே இப்பிரதேச மக்கள் கேட்டுத் தீர்ப்புக்கூறும் பழக்கமுடையோராயிருந்தனர். வைகாசியிற் கண்ணகி அம்மன் கோயில்களிற் குளிர்த்தி நடைபெறும், வழக்குரை படிக்கப்படும். பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’ ஏட்டிற் கிடந்த நூலாயினும், ஊராருக்கு அது காதினாற் பழகிய நூல். வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் அவ்வாறே. வட்டக் களரியைச் சூழ்ந்து விடியும்வரை இருந்தோரில், அண்ணாவியாரின் தாளக்கட்டு எங்கே பிசகியது என்பதை அறியாதார் சிலரே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது கற்றோர் உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது என்பர். ஊரார் அதற்குப் பன்னெடுங் காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதைச் சொல்ல எவரும் முன்வரவில்லை.

இவ்வாவிக்கரைக்கு இன்னொரு செவியும் உண்டு. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி பத்தாண்டில் முடிந்தது, பாட்டு முடியவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்திற் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றளவும் எஞ்சியுள்ளது. அவர்தம் திருமண வீடுகளில் வயலினும் கிற்றாரும் இறபானும் ஒலிக்கக் கபிரிஞ்ஞா ஆடப்பட்டது. அப்பாடல்களைக் குடியேற்றகால அதிகாரியான ஹியூ நெவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திரட்டினார். அவ்வேடுகள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. கென்னத் டேவிட் ஜாக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அப்பாடல் மரபை ஆராய்ந்து 1990இல் நூலொன்று வெளியிட்டார். பைலா எனப் பின்னாளில் நாடெங்கும் பரவிய ஆட்டப்பாட்டின் வேர்களுள் ஒன்று இக்கபிரிஞ்ஞாவே. இதே பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழின் நரம்புகளைக் கணித்து, ‘யாழ்நூல்’ கண்டு, அது 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய சில வாரங்களில் மறைந்தார். அடிகளது கணிப்பு ஒருபுறம், அயல்வீட்டுக் கபிரிஞ்ஞா மறுபுறம். இவ்விரண்டும் ஒரே வாவிக்காற்றில் ஒலித்தவை. ஆயினும் தமிழ் இசையாய்வு முதலாவதையே தன்னுடையதாகக் கொண்டது.

இனி, ஒலித்தட்டு செய்த மாற்றத்தை நோக்குவோம். கூத்து ஒவ்வோரிரவும் வேறுபடும். நேற்று ஓரூரிற் கண்டவன் கூறுவதும் இன்று மற்றோரூரிற் காண்பவன் கூறுவதும் ஒரே பொருளைப் பற்றியனவல்ல. ஒலித்தட்டிலோ ஒரே குரல், ஒரே மூச்சு, ஒரே பிசகு எங்கும் கேட்கும். எனவே கொழும்பிற் கேட்டவனும் ஆரையம்பதியிற் கேட்டவனும் முதன்முறையாக ஒரே பொருளின்மீது வழக்காட இயன்றது. 1923இற் கொம்ப்டன் மக்கன்சி இலண்டனில் ‘கிராமபோன்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கியபோது ஒலித்தட்டு மதிப்புரை எழுத்துத்துறையாக வளரத் தொடங்கியது. நம்மவரிடையே அத்தகைய சஞ்சிகை எழவில்லை. அதன் இடத்தைத் தபாலட்டை நிரப்பியது.

இலங்கையில் வானொலி 1925 டிசெம்பரில் ஆரம்பமாயிற்று. வர்த்தக சேவை 1950இல் தோன்றியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களை ஒடுக்கினார். சாஸ்திரிய இசையே மக்களை உயர்த்தும் என்பது அவர் கொள்கை. மக்கள் உயரவில்லை, வானொலி முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர். அவ்வாண்டு டிசெம்பரில் அமீன் சயானி இலங்கை வானொலிக்காகத் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’வின் முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், விரைவில் வாரமொன்றுக்கு 65,000 வரை பெருகின என்றும் கூறப்படுகிறது. அமைச்சர் ஒருவரின் இசைத் தீர்ப்பைத் தபாலட்டை எழுதத் தெரிந்த பல்லாயிரவர் தள்ளுபடி செய்த வரலாறு இது. 1957 ஒக்ரோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டமை அத்தோல்வியின் ஒப்புதல் எனலாம்.

தமிழ் வர்த்தக ஒலிபரப்பும் இவ்வாறே தென்னகமெங்கும் கேட்கப்பட்டது. ஆனால் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. கொழும்பிலிருந்து தமிழகத்துக்கு ஒலித்தவை பெரும்பாலும் சென்னைச் சினிமாப் பாடல்களே. ஈழத்தவர் அறிவித்தனர், தமிழகத்தவர் பாடினர். நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் ஈழத்து ஊர்ப்பெயர்கள் அடுக்கடுக்காக வாசிக்கப்பட்டன. ஈழத்துப் பாடலோ அருமையாகவே தொடர்ந்தது. அக்காலச் சிறுவர் நாட்டுப்படத்திலன்றி அந்நிகழ்ச்சிகளிலேயே நாட்டின் ஊர்களைக் கற்றனர் என்றாலும் மிகையன்று.

இம்முரண்பாட்டுக்கு 1970களில் இரு விடைகள் தோன்றின. முதலாவது மெல்லிசை. 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தில் எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோரின் முயற்சியால் ஈழத்துக் கவிஞரின் பாக்கள் இசையமைக்கப்பட்டன. மட்டக்களப்பின் தென்பால் நீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன் போன்றோரின் சொல் வானொலிவழி வீடுகளுக்குச் சென்றது. இரண்டாவது பொப்பிசை. சிங்களத்தில் கிளறன்ஸ் விஜேவர்தனவின் ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழு 1960களின் நடுப்பகுதியில் மின்கிற்றாரைக் கொணர்ந்து புதியதோர் இளைஞர் இசையைத் தோற்றுவித்திருந்தது. அதற்கு அடுத்துத் தமிழில் உரும்பிராய் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலைப் பரமேஸ் - கோணேஸ் சகோதரர் முதலியோர் புகழ்பெற்றனர். 1970 - 77 ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தென்னிந்தியச் சஞ்சிகை, திரைப்பட வரவுகள் குறைந்தமையும் உள்ளூர்ப் படைப்புக்கு இடம் விட்டன. கலை தானாக மலர்வதில்லை. சந்தையில் ஓரிடம் வெறிதாகும்போதும் அது மலர்கிறது.

இங்கேதான் வழக்கு மூண்டது. பொப்பிசை வெற்றாரவாரம், அந்நிய மோகம், தமிழ்ப் பண்பாட்டுக்கு இழுக்கு என்பது ஒருசாரார் வாதம். கள்ளும் மாமியும் காதற்குறும்பும் பாடற்பொருளாவதா என அவர் வினவினர். பாடுவதற்கு எளிது, கூடியாடுவதற்கு ஏற்றது, நம்மவர் பேசும் பேச்சிலேயே அமைந்தது என்பது மறுசாரார் வாதம். இவ்விரண்டாம் வாதத்தின் கடைக்கூறு கவனத்துக்குரியது. சென்னைச் சினிமாவின் மொழியிலேயே காதலித்தும் அழுதும் பழகிய ஈழத்து இளைஞன், தன் வீட்டுப் பேச்சைத் தாளத்தோடு கேட்டது அப்போதுதான்.

அந்நியம் என்ற குற்றச்சாட்டைச் சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். கருநாடக இசைமேடையில் இன்று இன்றியமையாததாகிய வயலின், பாலுஸ்வாமி தீட்சிதர் (1786 - 1859) காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து பெறப்பட்டது. ஆர்மோனியத்தையோ அகில இந்திய வானொலி 1940இல் தடைசெய்து பல்லாண்டு விலக்கிவைத்தது; அதே ஆர்மோனியமின்றித் தமிழ் நாடகமேடை நடந்ததில்லை. எனவே எக்கருவி நம்முடையது என்பதைத் தீர்மானிப்பது அது பிறந்த ஊரன்று. அதற்குப் பழகிய செவியே. அவ்வாறாயின், பறங்கியர் கிற்றாரைத் தலைமுறை தலைமுறையாக அயலிற் கேட்டுவந்த மட்டக்களப்பாருக்குப் பைலாத்தாளம் எவ்வகையில் அந்நியமாகும்? இவ்வினாவை அக்கால விமரிசகர் எழுப்பியிருப்பின் வழக்கின் போக்கே மாறியிருக்கும்.

இதனாற் பொப்பிசை குறையற்றது என்பதாகாது. பெண்ணை எள்ளலுக்குரிய பொருளாகவே நோக்கிய பாடல்கள் அதிற் பல. வயலில் வெட்டும் சூடடிப்பும், வாவியில் வலைவீச்சும், சேனையிற் காவலும் வாழ்க்கையாய்க் கொண்ட மக்களின் உழைப்பு அதிற் புகவேயில்லை எனலாம். மெல்லிசையில் அது புகுந்தது. ஆனால் அங்கு சொல் ஈழத்ததாயிருக்க, மெட்டுப் பலவேளை சென்னையின் நிழலிலிருந்து விலகாது நின்றது. ஒன்றுக்குச் சொல் வறுமை, மற்றொன்றுக்குத் தாள வறுமை. இரண்டையும் இணைக்கவல்ல கூத்துத் தாளக்கட்டு இக்கரையிலேயே கிடந்தும், வானொலிக் கலையகம் அதனை உரிய அளவிற் பயன்கொள்ளவில்லை. பொப்பிசையின் தோல்வியென ஒன்றைக் கூறவேண்டின் இதனையே கூறல் தகும். ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டு அதற்கு நெடுந்தூரம் பின்னிற்கிறது.

கற்றோர் ஏற்காததைத் தமிழகம் ஏற்றது. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’, 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் மீண்டும் ஒலித்தது. கால் நூற்றாண்டாகத் தமிழகத்துப் பாடலை ஒலிபரப்பிய தீவிலிருந்து பாடலொன்று எதிர்த்திசையிற் சென்றமை சிறு நிகழ்ச்சியன்று. சிங்களமும் தமிழும் கலந்த அப்பாட்டை இரு சமூகத்தவரும் தமதாகவே பாடினர். 1983 யூலையின் பின் அதனைக் கேட்போர்க்கு அதன் குதூகலம் வேறொரு பொருள் தந்திருக்கும். மனோகரன் 2018 சனவரியிற் சென்னையில் மறைந்தார்.

தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாகக் கொண்டு கா. சிவத்தம்பி 1981இல் நூல் எழுதினார். கூத்துக்கு வித்தியானந்தன் இருந்தார். இசைத்தட்டுக்கு எவரும் இருந்திலர். ஆதலால் அதனைக் கேட்டோர் கூறியவற்றை இன்று தேடுவது கடினம். ஆயினும் ஒருவகைச் சான்று எங்கும் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோதும், மத்திய கிழக்குக்குத் தொழில்தேடிச் சென்றோர் திரும்பியபோதும் கசெற் றெக்கோடர்கள் ஊருக்குள் வந்தன. பட்டினங்களில் ‘றெக்கோடிங் பார்’கள் தோன்றின. விரும்பிய பாடல்களின் பெயர்களைத் தாளில் எழுதி, வெற்றுக் கசெற்றுடன் கொடுத்தாற் சில நாளிற் பதிந்து தருவர். அறுபது நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு முப்பது நிமிடம்; பாடலொன்று மூன்று, நான்கு நிமிடமாயிற் பக்கத்துக்கு எட்டோ ஒன்பதோ அடங்கும். ஆகவே தாளில் எழுதுமுன் நண்பர் கூடி வழக்காட வேண்டியிருந்தது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, மனோகரனுக்குப் பின் சுசீலா வரலாமா, ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு எது? அகில இந்திய வானொலியின் கொள்கை ஒருபுறமிருக்க, உண்மையான இசை விமரிசனம் இத்தாள்களிலேயே எழுதப்பட்டது. தெரிவு, வரிசை, விலக்கு என்னும் மூன்றும் அவற்றில் இருந்தன. காரணம் மட்டும் எழுதப்படவில்லை. அது கடைவாசலிற் பேசித் தீர்க்கப்பட்டது.

அத்தாள்கள் எங்கே? 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓலைக்கூரைகளின் கீழிருந்த தட்டும் தாளும் என்னவாயின எனக் கேட்கும் நிலையில் அன்று எவரும் இருந்திரார். பின்னர் போரும் இடப்பெயர்வும். 2004 டிசெம்பர் 26இற் கடல் எழுவான்கரையை ஊடறுத்தது. டச்பார்ப் பறங்கியர் குடியிருப்புப் பேரழிவுற்றது.

எழுத்து இவ்வழிவுக்குச் சிறிது தப்பியது. ஆரையம்பதி எழுத்தாளர் அன்புமணி 1970இல் மட்டக்களப்பிலிருந்து வெளியிட்ட ‘மலர்’ சஞ்சிகையின் இதழ்கள், 2005இல் தொடங்கிய நூலக எண்ணிமத் திட்டத்தின் துணையாற் பல்கலைக்கழக மாணவன் தன் அறையிலிருந்தே வாசிக்கத்தக்கனவாயுள்ளன. கிரான்குளத்திலும் தாழங்குடாவிலும் ஆரையம்பதியிலும் அதே ஆண்டுகளில் இளைஞராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்தோர். கடைசிப் பாட்டு எதுவென்று தாம் வழக்காடியதை அவருட் பலர் இன்னும் மறந்திலர். அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லவேண்டிய பணி எஞ்சியுள்ளது. அதற்குரிய காலம் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.