வம்சாவளியும் வண்ணமும்: தொண்டை மண்டலத்துக் குதிரைகளும் ஜார்ஜ் ஸ்டப்ஸும்

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். உத்திரமேரூர் அந்தச் சீமைக்குள் இருந்த ஊர். அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் பிகட். அவர் பதவியை விட்டு இங்கிலாந்து திரும்பியபின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிவிங்கிப்புலியைக் காணிக்கையாக்கினார். அந்த விலங்கை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். ஏறத்தாழ 1762இல், 'விசில்ஜாக்கெட்' என்னும் பந்தயக் குதிரையை அதன் நிஜ அளவிலேயே வரைந்தவரும் அவர்தான். லண்டன் தேசியக் கலைக்கூடம் 1997இல் 1.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய படம் அது.

ஏறத்தாழ 2.9 மீட்டர் உயரமுள்ள அந்தத் துணியில் குதிரையைத் தவிர வேறொன்றும் இல்லை. சவாரி செய்பவன் இல்லை, சேணம் இல்லை, மரம் இல்லை, வானம்கூட இல்லை. குதிரையை இப்படித் தனி ஆளாகப் பார்க்கும் எண்ணம் இங்கிலாந்தில் வேரூன்றியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் குதிரையைச் செதுக்கிவந்த தொண்டை மண்டலத்தில் ஏன் வேரூன்றவில்லை? கைத்திறன் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. காரணம், குதிரை இங்கே வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது என்பது என் கருத்து.

கல்லிலிருந்து தொடங்கலாம். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சிற்பங்களில் பல்லவர் வரலாறு முழுவதும் ஓடுகிறது. போர்க் காட்சிகளில் குதிரைகள் படையாகவே வருகின்றன. விஜயநகரக் காலத்து வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளின் விலாத் தசையைக்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒருவன் இருக்கிறான். பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் எட்டாம் நாள் வரும் குதிரையும் வாகனம்தான். சுவாமி ஏறாதபோது அது மண்டபத்தில் மூடி வைக்கப்படும் மரம். பச்சையம்மன், மன்னார்சாமி கோயில்களில் சுதைக் குதிரைகளுக்கு இன்று எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள். அங்கே பெயின்டரின் பெயரும் செல்போன் எண்ணும் சில சுவர்களில் உண்டு. குதிரைக்குத்தான் பெயர் இல்லை.

இதற்கு விளக்கம் துறைமுகத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் போர்க்குதிரை கடல் வழியாக வந்தது. பட்டினப்பாலை காலத்திலேயே புகாரில் குதிரைகள் இறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். தட்பவெப்பம் ஒத்துவரவில்லை, பராமரிப்பும் போதவில்லை, இங்கே குதிரை வைத்தியர் தலையெடுத்துவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பவை அவர் சொல்லும் காரணங்கள். தமிழின் ஆகப் பெரிய குதிரைக் கதையே கொள்முதல் கதைதான். பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் போன அமைச்சர் அதைக் கோயிலுக்குச் செலவிட, சிவபெருமானே குதிரை வணிகராக வந்து நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைக்கிறார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஓடிவிடுகின்றன. வாங்கிய குதிரை கையில் நிலைக்காது என்ற கஜானாக் கவலை அந்தத் திருவிளையாடலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று நான் படிப்பதுண்டு. ஓராண்டில் சாகும் குதிரைக்கு யார் வம்சாவளி எழுதுவார்கள்?

விதிவிலக்கு உண்டு, அதுவும் பக்கத்திலேயே. செஞ்சியில் 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட தேசிங்கின் குதிரைக்குப் பெயர் இருக்கிறது: பாராசாரி. அடக்க முடியாத அந்தக் குதிரையை அடக்கிய வீரம்தான் கதைப்பாடலின் உயிர். ஆனாலும் அந்தப் பெயர் தெருக்கூத்திலும் பாட்டிலும் வாழ்ந்தது, படமாகவில்லை. குதிரையின் தனித்தன்மையைக் காது பிடித்துக்கொண்டது, கண் பிடிக்கவில்லை.

இப்போது ஸ்டப்ஸ். 1724இல் லிவர்பூலில் பிறந்தவர். தகப்பனார் தோல் பதப்படுத்தும் தொழிலாளி. 1756இல் லிங்கன்ஷயரின் ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, துணைவி மேரி ஸ்பென்சருடன் பதினெட்டு மாதம் குதிரைப் பிணங்களை அறுத்தார். உடலைக் கூரையிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கவிட்டு, நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, தோல், தசை, நரம்பு, எலும்பு என்று அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். அந்த நாற்றத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த மனிதரைப் பற்றிக் கலை வரலாற்று நூல்கள் நாகரிகமாக ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. லண்டன் செதுக்குநர்கள் தட்டிக்கழித்ததால் செப்புத் தகடுகளையும் தாமே செதுக்கி, 1766இல் குதிரை உடற்கூறு நூலை வெளியிட்டார்.

விசில்ஜாக்கெட் பிறந்த ஆண்டு 1749. தந்தை மொகல், தந்தையின் தந்தை காடல்ஃபின் அரேபியன். இன்றைய பந்தயக் குதிரைகளின் மூன்று மூலத் தந்தைகளில் ஒன்று அது. விசில்ஜாக்கெட் 1759இல் யார்க் மைதானத்தில் 2,000 கினி பந்தயத்தை வென்றது. உரிமையாளர் ராக்கிங்ஹாம் பிரபு. இங்கேதான் இரு வழிகள் பிரிகின்றன. அரேபியாவிலிருந்து கப்பலேறிய குதிரை பாண்டிய நாட்டுத் துறைமுகமான காயலில் இறங்கினால் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்; வடக்கே இங்கிலாந்துக்குப் போன குதிரைக்குக் குட்டிகள் பிறந்தன, குட்டிகள் பந்தயம் ஓடின, வெற்றிகள் ஏட்டில் ஏறின. 1791இல் அந்த ஏடு பொது வம்சாவளிப் பதிவேடாகவே அச்சானது. ராக்கிங்ஹாமுக்கு அந்தக் குதிரை ஒரு குடும்பத்து ஆள் மாதிரி. பாட்டன் பூட்டன் படம் மாட்டிய சுவரில் அதற்கும் இடம் இருந்தது.

நம்மிடமும் குதிரையைக் கூர்ந்து பார்க்கும் சாத்திரம் இருந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம், வண்ணப் படங்களோடு இருக்கிறது. 1952இல் அச்சிலும் வந்தது. அதில் குதிரை தனியாகவே நிற்கிறது, ஆள் இல்லை. பார்வைதான் வேறு. நிறமென்ன, சுழி எங்கே, அந்தச் சுழி உடையவனுக்கு வாழ்வா தாழ்வா என்பதே கேள்வி. உத்திரமேரூர்ப் பக்கத்தில் இன்றும் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் சுழிதான் பார்ப்பார். ஸ்டப்ஸ் தோலுக்கு அடியில் தேடியதை நம் சாத்திரி தோலின் மேலேயே படித்தார். தகப்பன் யாரென்று தெரியாத குதிரையை விலைபேச வேண்டியவனுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆகவே அந்தப் படங்கள் இலக்கணத்தைக் காட்டும் மாதிரிகள்; ஒரு குறிப்பிட்ட குதிரையின் முகம் அவற்றில் தேவைப்படவில்லை.

போர் ஓவியத்திலும் இதே நிலை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றி தீட்டப்பட்டிருக்கிறது. வரிசை வரிசையாகக் குதிரைகள், ஒரே பாய்ச்சலில், ஒரே கழுத்து வளைவில். அந்த ஆண்டு ஜாகீர் கிராமங்கள் கண்டதும் அதைத்தான்: புழுதியாக வரும் குதிரைப்படை.

பிகட்டின் சிவிங்கிப்புலி ஓவியம் இன்று மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1764இல் விண்ட்சர் பூங்காவில் அந்தச் சிவிங்கிப்புலியை ஒரு கலைமான் மீது ஏவிப் பார்த்தார்கள். மான் எதிர்த்து விரட்டிவிட்டது. ஸ்டப்ஸின் படத்தில் வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு பணியாளர்கள். ஒருவர் விலங்கைப் பிடித்திருக்க, மற்றவர் மானைச் சுட்டுகிறார். அவர்களின் முகங்கள் பொம்மை முகங்கள் அல்ல, பார்த்து வரைந்தவை. ஆனால் ஓவியத்தின் தலைப்பில் அவர்கள் வெறும் 'இரண்டு இந்தியர்கள்'. விசில்ஜாக்கெட்டின் பாட்டன் பெயர்வரை நமக்குத் தெரியும். ஸ்டப்ஸின் தூரிகை குதிரைக்கும் அந்தப் பணியாளர்களுக்கும் செய்த மரியாதை ஒன்றே. ஏடு செய்த மரியாதை ஒன்றல்ல.

சென்னையில் எண்ணெய் ஓவியம் தீட்டியவர்களில் ஒருவர் 1769இல் வந்த டில்லி கெட்டில். அவருக்கு நவாபும் குடும்பமும் கம்பெனி அதிகாரிகளும் போதுமானவர்களாக இருந்தார்கள். குதிரையைப் பார்த்துச் செய்த பெரிய உருவம் ஒன்று நகரத்தின் நடுவில் நின்றது 1839இல்: தீவுத்திடலில் பிரான்சிஸ் சான்ட்ரி வார்த்த, சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை. அதன் கழுத்து நரம்பையும் கால் மூட்டையும் பற்றிச் சென்னைவாசிகள் பேசியதாகத் தெரியவில்லை. சேணமும் அங்கவடியும் இல்லையே, சிற்பி மறந்துவிட்டாரே என்பதுதான் தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. அதே சான்ட்ரி லண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ், வெலிங்டன் சிலைகளிலும் அங்கவடி கிடையாது. மறதி என்று சொல்ல வழியில்லை.