இரண்டு ஆதிப்புள்ளிகளின் சரித்திரம்

கணிப்பொறி விளையாட்டில் ஓடும் குதிரையும், அதன்மேல் அமர்ந்த வீரனும், அவன் கையிலுள்ள வாளும் ‘மெஷ்’ எனப்படும் முக்கோண வலைகளால் ஆனவை. அவ்வலையின் முனை ஒவ்வொன்றும் மூன்று எண்களால் குறிக்கப்படுவது. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து அளக்கப்பட்டவை என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. கைப்பிடியை ஆதிப்புள்ளியாக வைத்து அளந்தவை வாளின் சொந்த ஆயத்தொலைவுகள்; விளையாட்டுலகம் முழுமைக்கும் பொதுவான ஆதிப்புள்ளியிலிருந்து அளந்தவை உலக ஆயத்தொலைவுகள். முன்னதை ‘லோக்கல்’ என்றும் பின்னதை ‘வேர்ல்ட்’ என்றும் தொழிலில் வழங்குவர். இவ்விரண்டுக்கும் இடையே போக்குவரத்துக்குப் பாதை அமைந்த விதமே இக்கட்டுரையின் விஷயம்.

டெக்கார்ட் 1637-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலிருந்தே உருவங்களை எண்களால் ஆளும் சாஸ்திரம் வளர்ந்ததெனினும், ஓர் உருவத்தைச் சுழற்றுவதும் பெருக்குவதும் அணிப் பெருக்கலால் ஆகின்ற காரியமாயிருக்க, இடம் பெயர்ப்பது மட்டும் கூட்டலாக வேறுபட்டு நின்றது. மொபியஸ் என்ற ஜெர்மானிய கணித மேதை 1827-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த ஒருபடித்தான ஆயத்தொலைவுகள் இந்தப் பேதத்தை நீக்க வல்லவையாயிருந்தன. மூன்று எண்களோடு நான்காவதாக ஒன்று என்ற எண்ணைச் சேர்த்துவிட்டால், சுழற்சி, அளவு, இடப்பெயர்ச்சி ஆகிய மூன்றும் நான்கு வரிசையும் நான்கு நிரலும் கொண்ட ஒரே அணிக்குள் அடங்கிவிடும்.

கலைக்கு உரியதாகத் தோன்றாத இந்தக் கணிதம் கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தது 1963-இல். அவ்வாண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து சமர்ப்பித்த ‘ஸ்கெட்ச்பேட்’ ஆராய்ச்சியில், மூல உருவத்தை ஒருமுறை வரைந்து வைத்து, அதன் பிரதிகளை வேண்டிய இடத்தில், வேண்டிய கோணத்திலும் அளவிலும் நிறுத்தும் யுக்தி இடம்பெற்றது. மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் யாவும் தாமே திருந்தின. அதே ஆண்டில், ஸ்கெட்ச்பேட் இயங்கிய டி.எக்ஸ்-2 என்ற அதே கணிப்பொறியில் உழைத்த லாரன்ஸ் ராபர்ட்ஸ், பிற்காலத்தில் ஆர்ப்பாநெட் வலையமைப்பால் பிரசித்தி பெற்றவர், ஒருபடித்தான அணிகளை முப்பரிமாண உருவங்களுக்குப் பிரயோகித்துக் காட்டினார். உருவம் தன் சொந்த அளவில் மாறாதிருக்க, அது நிற்கும் ஸ்தானம் மட்டும் தனியோர் அணியில் எழுதப்படும் இன்றைய முறை இவ்விருவர் உழைப்பின் சங்கமமே.

வாளின் அணியைக் கையின் அணியோடும், அதனைத் தோளின் அணியோடும், அதனைக் குதிரையின் அணியோடும் வரிசையாகப் பெருக்கினால் வாள்முனையின் உலக ஸ்தானம் கிட்டும். திரும்பி வருவதற்கு நேர்மாறு அணி போதும். ஏதேனும் ஒரு திசையில் அளவைப் பூஜ்யமாக்கிவிட்டால் மட்டும் அந்தப் பாதை அடைபட்டுவிடும். இந்தத் திரும்பும் பாதையின் பிரயோஜனம் பெரிது. எய்த அம்பு குதிரையின்மேல் பட்டதா என்று பார்க்க, ஆயிரக்கணக்கான முனைகளை உலகத்துக்குக் கொண்டுபோவதைவிட, அம்பின் பாதை ஒன்றைக் குதிரையின் சொந்த ஆயத்தொலைவுக்கு அழைத்து வருவது எளிது அல்லவா?

ஜிம் கிளார்க் 1980-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் வடித்த ‘ஜியோமெட்ரி எஞ்சின்’ சில்லு இந்த அணிப் பெருக்கலை வன்பொருளிலேயே செய்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் அதிலிருந்தே பிறந்தது. 1999-இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 என்ற வரைகலைச் சில்லு அந்த ஆற்றலைச் சாதாரண வீட்டுக் கணிப்பொறிக்கும் அளித்தது. இடையில் 1992-இல் வெளியான ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம், உருவத்தின் அணியையும், பார்ப்பவரின் நிலையைக் குறிக்கும் பார்வை அணியையும் ஒன்றாகவே பெருக்கி வைத்தபடியால், உலகம் என்ற தனி நிலையே அதில் இருக்கவில்லை. அதையொத்த மற்றோர் இடைமுகமான டைரக்ட்3டி-யோ உலகத்துக்கென ஓர் அணியைத் தனியே வைத்துக்கொண்டது. இரண்டும் திரையில் சரியான சித்திரத்தையே தந்தன.

உலக ஆதிப்புள்ளியின் பெருமைக்கும் எல்லை உண்டு. 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களே நம்பத்தக்கவை. ஆதிப்புள்ளியிலிருந்து ஒரு லட்சம் மீட்டர் சென்றால் இரு அடுத்தடுத்த எண்களுக்கிடையே சுமார் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்து, உருவங்கள் நடுங்கத் தொடங்கும். விண்வெளி விளையாட்டான ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ இதற்குக் கண்ட பரிகாரம், ஆட்டக்காரனை நகர்த்துவதற்குப் பதிலாக ஆதிப்புள்ளியையே அவனோடு நகர்த்துவது. 2022-இல் வந்த அன்ரியல் எஞ்சின் 5 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருள், உலக ஸ்தானங்களை 64 பிட் எண்களில் வைத்துக்கொண்டது.

ஆகவே, இத்தொழிலைப் புதிதாகக் கற்பவர்கள் உலக ஆயத்தொலைவே மெய்யென்றும் சொந்த ஆயத்தொலைவு அதன் நிழலென்றும் எண்ணவேண்டியதில்லை. இரண்டும் மனிதர் வசதிக்காக வகுத்த அளவைகள். எந்தக் கணக்கு எந்த அளவையில் எளிதாகிறதோ, அங்கே சென்று அதைச் செய்துவிட்டுத் திரும்புவதே விவேகம்.